எங்கள் குட்டையின் சுத்தமான மீன்கள்

பூச்சிமருந்து நாள்பட நாள்பட உடம்பில் ஏறினால் கெண்டை மீனின் ரத்தம் என்ன ஆகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்கு இரண்டு தொட்டிகள். ஒன்றில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து விடுவேன். மற்றதில் வெறும் நல்ல தண்ணீர். இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் மீன்கள் முன்பின் மருந்தே அறியாதவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் வயலோரம் அப்பாவுக்கு ஒரு குட்டை உண்டு. "கண்ட எடத்துல ஏன் வாங்குற? நம்ம குட்டையில ஒரு சொட்டு மருந்து விழுந்ததில்ல," என்று அவரே வலை வீசி, மீன்களை டிரம்மில் நிரப்பி, கல்லூரிவரை வேனில் கொண்டுவந்தார். வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து நலம் விசாரித்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் எடுத்த முதல் ரத்தத்திலேயே வில்லங்கம். நரம்புகள் ஒழுங்காக வேலை செய்ய ஒரு நொதி வேண்டும். மருந்து பட்டால் அது குறையும். என் மீன்களில் அது ஏற்கெனவே குறைந்து கிடந்தது. பேராசிரியை தாளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு முன்னாடியே யாரோ இதுங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க போல," என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அன்று சாயங்காலமே ஊருக்குப் போய் நின்றேன். வயலில் மருந்தடித்துவிட்டு முதுகில் ஸ்பிரேயரோடு வந்த அப்பா, பேசிக்கொண்டே குட்டையில் இறங்கி அதைக் கழுவினார். பிறகு அதே தண்ணீரில் முகம், கை, கால்.

"என்னப்பா பண்றீங்க?"

"கழுவுறேன். மருந்தோட வீட்டுக்குள்ள வந்தா ஒங்கம்மா விடுவாளா?"

வீட்டுக்குள் மருந்து நுழையாமல் இத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறார். கோபமாக வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ரத்தத்தில் கண்டதைச் சொன்னேன். கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"அந்த மீனெல்லாம் இனி தேறுமா?"

"நல்ல தண்ணியில விட்டா தேறிடும்பா. நாளாகும்."

ஈரக் கைகளைச் சற்று நேரம் பார்த்தார். "அப்ப எனக்கும் ஒரு தடவ பாத்துடேன்," என்றார். ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே திரும்பிவிடுகிற மனிதர். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பட்டத்தைப் பற்றிய கவலையும்தான்.

மறுநாள் தஞ்சாவூரில் ரத்தம் எடுக்கும்போது கண்களை இறுக மூடிக்கொண்டு கேட்டார்: "என்னைய எந்தத் தொட்டியில சேப்ப?"

"இன்னையிலேருந்து நல்ல தண்ணியிலப்பா," என்றேன்.