டாக்டர் கேட்ட கேள்வி

எண்பதுகளின் நடுவில், இரண்டாம் முறை உண்டாகியிருந்தபோது, மட்டாஞ்சேரி ஜெட்டியில் தனியாகப் படகேறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. இதுவாவது குறையில்லாமல் வளர்கிறதா என்று மூன்றாம் மாதத்திலேயே பார்க்கலாம், ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது என்றார்கள்.

கணவருக்குக் களமசேரியில் ஃபாக்டரி வேலை. லீவு போட்டு வருகிறேன் என்றுதான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். காரணம் அற்பமானது. அவருக்கும் எனக்கும் ஒரே மூக்கு. அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி.

எங்கள் தமிழ்க் குடும்பங்களில் தாய்மாமனைக் கட்டுவது சாதாரணம். ஆனால் நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். மாமாவுக்குத்தான் என்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று பத்தாம் வகுப்பில் பெருமையடித்துக்கொண்டேன். "அய்யே, அம்மாவனையோ?" என்றாள் பக்கத்திலிருந்தவள். அவர்களுக்கு அம்மாவன், அதாவது தாய்மாமன், அப்பாவுக்குச் சமம். பெஞ்சே முகம் சுளித்தது. கல்யாணத்துக்கு ஒரு தோழியையும் அழைக்கவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "பர்த்தாவு சொந்தத்தில் உள்ள ஆளோ? ரத்தபந்தம் உண்டோ?"

இரண்டு நர்ஸுகள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

"இல்ல டாக்டர்."

"அப்போ பேடிக்கண்டா," பயப்பட வேண்டாம் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஸ்கேனிலும் தலை, கை, கால் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். திரும்பும் படகில் எல்லோரும் யாரோடாவது பேசிக்கொண்டு வந்தார்கள். நான் அந்த 'இல்ல'வோடு உட்கார்ந்திருந்தேன். கணவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், என்னைக் கட்டிக்கொண்டதில் உனக்கு அவமானமா என்று கேட்பார்.

பெண் பிறந்தாள், மூக்கும் முழியுமாக. சமத்துக் குழந்தை, எந்தச் சத்தத்துக்கும் அழாது என்று அக்கம்பக்கத்தில் பெருமை. அவர் வேலைக்குப் போனபின் நானும் அவளும்தான். பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை பொறுமையாக என்னை யாரும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வயதாகியும் அவள் பேசவில்லை. அதே ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அவள் பின்னால் நின்று மணியடித்துப் பார்த்தார்; அவள் திரும்பவில்லை. பிறகு அதே கேள்வியைக் கேட்டார்.

"என் அம்மாவோட தம்பி," என்றேன், அறைக்கே கேட்கும்படி. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும் என்றிருந்தது.

"அன்னைக்கே உண்மையைப் பறஞ்சிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது," என்றார் டாக்டர், என் பழைய சீட்டிலிருந்த 'இல்லை'யைப் பார்த்துவிட்டு. "பக்ஷே ஆறு மாசத்திலேயே காதை நோக்கியிருப்போம். ரெண்டு வருஷம் போச்சே."

படகில் அவள் என் மடியில் உட்கார்ந்து, வழக்கம்போல என் முகத்தையே பார்த்தாள். அந்த இரண்டு வருடமும் நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.