மச்சான் மேல் எறிந்த கல்

எனக்கு யாருடைய முகமும் மனதில் நிற்காது. மீசையையும் நடையையும் வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வேன். வெட்கத்தால் இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாசியில் எங்கள் புளியமரத்தில் ஏறி ஒரு மொட்டைத்தலை ஆள் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். திருடன் என்று நினைத்துக் கல்லை எறிந்தேன். அது அவர் காதை உரசிப் போனது.

"யோவ், கண்ணு அவிஞ்சிபோச்சா? உன் மச்சான்யா!"

அவர் என் மனைவியின் அண்ணன்; புளி உலுக்க உதவிக்கு வந்திருந்தார். வேண்டுதலுக்காக முடியும் மீசையும் எடுத்திருந்தார்.

"எங்கண்ணனையே தெரியலன்னா நீ இன்னா மனுசன்?" என்று மனைவி கத்தினாள். மச்சான் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அதன்பிறகுதான் டாக்டரிடம் போனேன். கண்ணில் குறையில்லை, முகங்களை அடையாளம் காணும் மூளைப் பகுதியில்தான் கோளாறு என்றார் அவர். மனைவி எடுத்துச் சொல்லியும் மச்சான் இதை நம்பவில்லை.

இப்போதெல்லாம் கூச்சப்படாமல் "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிடுகிறேன். செங்கம் சந்தையில் ஒருவரிடம் கேட்டேன். "இன்னும் நடிக்கிறியா?" என்று முறைத்துவிட்டுப் போனார். குரல் மச்சானுடையது. இருந்தாலும் கேட்பதை நான் விடவில்லை.