ஏழு நிமிடத்து ஈசல்கள்

பழைய படங்களைத் துடைப்பது என் தொழில். சுவரில் மாட்டும் படம் இல்லை, சினிமா. பூஞ்சணம் பிடித்து, கீறல் விழுந்த பிலிமை யாரோ எங்கேயோ ஸ்கான் செய்து அனுப்புவார்கள். மொன்றியலில், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், நாலு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன இடத்தில் இருந்துகொண்டு நான் அதைச் சுத்தம் செய்வேன். பிறகு அது டிஸ்க்காகி, வீட்டில் படம் சேர்த்து வைக்கும் கிறுக்கர்களின் அலுமாரிக்குப் போகும். சொந்தக்காரர் கேட்டால் ‘கொம்பியூட்டர் வேலை’ என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய்லாந்துப் படம் வந்தது. எடுத்தவர் ஒரு பெண். இளவயதில் எடுத்த படம், இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சியாங் மாயில் மகளோடு இருக்கிறார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகிறது, அதற்குள் இந்தப் படத்தை அம்மா ஒருதரம் ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று மகள் எழுதியிருந்தார். பிலிம் புளித்த வினாகிரி மணத்தோடு உருகிக்கொண்டிருந்ததாம். ஒரேயொரு தடவை ஸ்கான் செய்தார்கள். அதோடு சுருள் ஒட்டிப்போய்விட்டது. எங்களிடம் வந்ததுதான் உலகத்தில் மிஞ்சிய ஒரே பிரதி.

கதை என்று அதில் ஒன்றுமில்லை. ஒரு வீடு, மழை, எடுத்தவரின் தங்கை. முதல் நாள் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. நடுவில் ஏழு நிமிடம் அந்தத் தங்கை ஒரு டியூப் லைட்டின் கீழ் சும்மா இருக்கிறாள். இடைக்கிடை ஒன்றுமில்லாத இடத்தில் கையை வீசுகிறாள். கலைப்படம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மென்பொருள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பிரேமை எடுத்து, அதற்கு முந்தியதோடும் பிந்தியதோடும் ஒப்பிடும். ஒரே ஒரு பிரேமில் மட்டும் தெரியும் புள்ளியைத் தூசி என்று முடிவுகட்டி, பக்கத்துப் பிரேமிலிருந்து பிய்த்து அந்த இடத்தை நிரப்பிவிடும். அதற்கு மூளை இல்லை. அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். அது அழித்ததையெல்லாம் நான் திரும்பப் பார்த்து, தூசி இல்லாததை மீட்க வேண்டும். அந்தச் சுருள் முழுக்கப் பூஞ்சணம். இந்த ஏழு நிமிடமும் வெள்ளைப் புள்ளியாகவே இருந்தது. பார்க்காமலே சரி போட்டேன். சுவரில் அசையாமல் மிஞ்சியிருந்த சில கறைகளை என் கையாலேயே பூசி மறைத்தேன். அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமென்று, படம் எடுத்தவர் பார்த்துச் சம்மதிக்க முதலே மூல ஸ்கானையும் அழித்துவிட்டேன். எங்கள் இடத்தில் அது வழக்கம்தான்.

பதினைந்து நாள் கழித்து வீடியோ அழைப்பில் அவர் வந்தார். மகள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். முதலாளி என் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார். எல்லாம் அழகாக இருக்கிறது என்று சொன்ன அந்த அம்மா, பிறகு கேட்டார்.

“பூச்சிகள் எங்கே?”

எனக்கு விளங்கவில்லை. மகள் கையால் பறந்து காட்டினார். மழை விட்டதும் மண்ணிலிருந்து கிளம்பி, செட்டை அடித்துக்கொண்டு விளக்குக்கு வருமே, அது. அதற்காக அம்மா மூன்று மாலை காத்திருந்து எடுத்தாராம். அந்தத் தங்கை இப்போது உயிரோடு இல்லை.

ஈசல். பறந்தவற்றைத் தூசியென்று மென்பொருள் அழித்துவிட்டது, சுவரில் உட்கார்ந்தவற்றை நான் பூசி மறைத்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் ஈசலைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் பனியில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்கள் தவறவிட்டால் மன்னிக்கலாம். ஊரில், மாரி மழைக்குப் பிறகு ஈசல் விழுமென்று டியூப் லைட்டை நிற்பாட்டிவிட்டு இருட்டில் சோறு தின்ற எனக்கு என்ன கண் பிடரியிலா இருந்தது?

“பிரதியில் இல்லை,” என்று என் வாய் சொன்னது. “நாங்கள் வாங்கியபோதே இல்லை.” முதலாளி தலையாட்டினார்.

என் கணவருக்குச் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை. வேலை முடிந்து இருவரும் சேர்ந்துதான் செயின்ட்-மிஷேலுக்கு மெட்ரோ பிடிப்போம். அன்று அவரிடம் சொன்னேன்.

“நாளைக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லப் போறன்.”

“ஏன் இப்ப மாத்திச் சொல்லப் போறீர்? ஒருக்கால் சொன்னது சொன்னதுதான். விசாரணையிலை பட்ட பாடு காணாதே?”

அகதி விசாரணையைச் சொன்னார். வந்திறங்கிய பதற்றத்தில், அண்ணாவைப் பிடித்துக்கொண்டுபோன மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். பிறகு நானே போய் அதைத் திருத்தினேன். அவ்வளவுதான், விசாரணை முழுக்க அந்த ஒரு மாதத்திலேயே நின்றது. எது பொய், முதல் சொன்னதா, இப்போது சொல்வதா? பிழையாகவே விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் இது ஒரு சட்டம் மாதிரி: கொடுத்த கதையைத் தொடாதே.

“பூச்சிதானே,” என்றார் அவர். “ஆர் பாக்கப் போகினம்?”

நான் சொல்லவில்லை. அவர் தடுத்ததால் இல்லை. பயம். வேலை போய்விடும் என்பதைவிட, மாற்றிச் சொன்னவள் என்று இன்னொரு முறை நிற்க முடியாது என்ற பயம். இப்போது எழுதும்போதுகூட அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

டிஸ்க் வெளிவந்தது. உள்ளே ஒரு சின்னப் புத்தகம். அதில் படம் எடுத்தவர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. விளக்கின் கீழ் தங்கை இருக்கும் காட்சியில் ஈசல்கள் நிறைந்திருந்ததாக இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும், அப்படி எதுவும் இல்லை, என் ஞாபகத்தை இனி நான் நம்புவதற்கில்லை என்று எழுதியிருந்தார். தேதி மாறிப்போவது, மருந்தை மறப்பது போன்ற மற்றப் பிழைகளையும் அதன் கீழே வரிசைப்படுத்தியிருந்தார். என்னுடையது முதலாவதாக நின்றது.

நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அந்த மனுசிக்கு மிஞ்சியிருந்த ஞாபகங்களில் ஒன்று சரியாக இருந்தது. அதைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கணவருக்குச் சொல்லாமல், குசினி மேசையில் இருந்து தாயையும் மகளையும் வீடியோவில் அழைத்தேன். அங்கே பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. மென்பொருளை, பூஞ்சணத்தை, பார்க்காமல் சரி போட்டதை, சுவரில் என் கையால் பூசியதை, மூலத்தை அழித்ததை, அன்று பொய் சொன்னதை, ஒன்றும் விடாமல் சொன்னேன். ஈசல்கள் இருந்தன, நீங்கள் சொன்னது சரி, என்றேன். மகள் ஒவ்வொரு வசனமாகத் தாய்லாந்து மொழியில் சொல்ல, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

“அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார்,” என்றார் மகள். “நீங்கள் நல்ல மனம் உள்ளவர் என்கிறார். அவருக்கு எது பிழையானாலும் இப்போது யாராவது ஒருவர் வந்து அது தன் பிழை என்கிறாராம். நானும் அப்படித்தானாம். அவர் படத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட்டாராம். அதில் பூச்சி இல்லையாம்.”

“இல்லை, உண்மையாகவே நான்தான் அழித்தேன்,” என்றேன்.

“அதைக் காட்ட ஏதாவது இருக்கிறதா?” என்று மகள் கேட்டார்.

ஒரு பிரேம்கூட இல்லை என்றேன்.

மகள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் பேசினார்.

“உங்கள் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தனக்கு மறதி வந்துவிட்டது என்பதை அம்மா ஒத்துக்கொள்ளவே இந்தப் படம்தான் உதவியது. அதன் பிறகுதான் வைத்தியரிடம் வரவே சம்மதித்தார். தயவுசெய்து இனி அவரிடம் இப்படிச் சொல்ல வேண்டாம்.”

சரி என்றேன்.