ஆட்டுக்குட்டிக் கல்

புலம்பெயர்ந்து வந்து பிக்கரிங்கில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வேலிக்கு அப்பால் ஒரு பழைய சேமக்காலை இருக்கிறது. காடு வெட்டிக் கமம் செய்ய வந்த ஒரேயொரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் புதைகுழிகள். அவர்களின் வயலெல்லாம் இப்போது எங்களைப் போன்றவர்களின் வீடுகள். செத்தவர்களை மட்டும் யாரும் அசைக்கவில்லை. இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்கள் என்று வாசலில் பலகை வேறு. அதற்கு முன்னால் இங்கே மனிதர் இருந்ததே இல்லையாக்கும்.

அங்கே ஒரு சின்னக் கல். மேலே ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருக்கும். மழையில் கரைந்து முகம் போய்விட்டது. குழந்தையின் கல் என்று கண்டதுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கடைசிச் சண்டையில் ஷெல் பட்டுச் செத்த என் தம்பியை, தெருவோரம் கையால் மண் கிளறித் தாட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். அந்த இடத்தை இனி யாராலும் காட்ட முடியாது. எங்கள் மன்னாரில், நவம்பரில் சகல ஆத்துமாக்களின் திருநாளுக்குக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தாத வீடு இல்லை. அம்மாவுக்குக் கொளுத்தக் கல்லறை இல்லை. அதனால் ஆட்டுக்குட்டியின் முதுகில் மெழுகை உருக்கி ஊற்றி, திரியை நட்டு, தம்பியின் பெயரைச் சொல்லி அழுவார். வருடாவருடம் அதுதான் நடந்தது.

போன வருடம், அந்தக் குடும்பத்தின் வழிவந்த கிழவர் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். கையில் மெழுகு சுரண்டிய கத்தி. கல் கறுத்துவிட்டது என்றார். அது உண்மைதான், மன்னிப்புக் கேட்டேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னார்:

"உங்கள் பிள்ளையை நீங்கள்தானே அங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்? பிறகு ஏன் எங்கள் பிள்ளையிடம் வருகிறீர்கள்?"

கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம் போல் இருந்தது எனக்கு.

"என்னவாம் பிள்ளை?" என்று அம்மா பின்னால் நின்று கேட்டார்.

"கல்லில மெழுகு ஊத்த வேண்டாமாம் அம்மா."

"ஓம், ஓம்" என்று அம்மா கிழவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

இந்த நவம்பரில் சேமக்காலைப் படலையில் சங்கிலியும் பூட்டும். எங்கள் பக்க வேலியடியில் கொளுத்தலாம் என்று நான் மெழுகுதிரியை எடுத்து வந்தேன். அம்மா அதை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. அந்தாள் போன வருசம் இங்கிலீசில சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கினது. சரிதானே. நான்தானே விட்டிட்டு வந்தனான்."