பாதிப் பரணி

எங்கள் ஊர் திருக்கொச்சி ராஜ்யத்தோடு இருந்த காலத்தில் மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் அம்மா இருமலோடு கிடந்தாள்; துணைக்கு நான் இருந்தேன். அங்கே கம்பவுண்டர், காது ஒடிந்த கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருப்பார். மருந்து மேசையில் ஒரு கண்ணாடிப் பரணியில் இரண்டு மீன் வளர்த்தார். எப்போதும் பாதித் தண்ணீர்தான். சோம்பல் என்று நினைத்து, ஒரு காலையில் நானே கழுத்துவரை ஊற்றிவிட்டேன். மத்தியானம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"ஆரு நெறச்சது?"

"நான்தான்."

திட்டவில்லை. பாதியைச் சாய்த்துக் கொட்டினார்.

"கழுத்து ஒடுங்கின பரணில்லா மக்கா. நெறச்சா தண்ணிக்கு முகம் சின்னதாப் போவும். பெறவு காத்து எங்கன எறங்கும்?"

சாயங்காலத்துக்குள் மீன்கள் கீழே இறங்கிவிட்டன.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, டாக்டர் அரைக் குப்பி எழுதியிருந்த இருமல் மருந்தை அவர் கழுத்துவரை நிறைத்துத் தந்தார். ஒரு சொட்டும் சாய்க்காமல் அதை வீடுவரை கொண்டுபோனேன்.