உள்ளூர்க்காரர் கடைசியில் வாசிக்கலாம்

சங்கரன்கோவிலில் இசைக்கல்வி மாநாடு நடக்கப்போகிறது என்றதும் எனக்கு முதல் கவலை சட்டை. கட்டுரை இரண்டாவது கவலைதான். கட்டுரைக்கு மூன்று வருடம் உழைத்திருந்தேன். சட்டையை மாநாட்டன்று காலையில்தான் தேய்த்தேன்.

நான் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். ஊரில் எந்த விழா நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கடவுள் வாழ்த்து முடிந்ததும் மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். இந்தத் தடவை பாடி இறங்கிய பிறகும் எனக்கு அங்கே வேலை இருந்தது. பதினொன்றரை மணிக்குப் பதினைந்து நிமிடம் கட்டுரை வாசிக்கவேண்டும், பிறகு கேள்வி நேரம். அந்தக் கேள்வி நேரத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. "உம்ம பீரியடை எடுத்துக்கிடட்டா?" என்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதைக் கேட்பவர் எங்கள் கணக்கு சார். இளையரசனேந்தல் பக்கம். எனக்கு நண்பர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். யாருமே எதுவும் கேட்காமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் மாநாட்டுக்கு முந்தின நாளே ஒரு துண்டுச்சீட்டில் கேள்வி ஒன்றை எழுதி அவர் கையில் திணித்தேன். கூலி, என் வெள்ளிக்கிழமை வகுப்பு.

"வே, கேள்வியும் நீரே, பதிலும் நீரே. நான் எதுக்குவே நடுவுல?"

"எந்திரிச்சு நின்னு வாசிச்சாப் போதும். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிடும்."

"மூஞ்சிக்குத் தனியா ஒரு பீரியடு ஆகும்வே" என்றார். ஒத்துக்கொண்டேன்.

மாநாட்டன்று கடவுள் வாழ்த்து நன்றாகவே அமைந்தது. பதினொன்றரைக்கு அமைப்பாளர் வந்து குனிந்தார். "சார், வெளியூர்க்காரங்க ரெண்டு பேருக்கு ரயில் இருக்கு. நீங்க உள்ளூர்தானே?" பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். இரண்டு மணிக்கு வேறு இரண்டு பேருக்கு பஸ். மறுபடியும் ஆட்டினேன். இடையில் பேராசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "இங்க பிரியாணி எந்தக் கடையில நல்லாருக்கும்?" என்றார். மாநாட்டில் எனக்கு வந்த முதல் கேள்வி. விரிவாகப் பதில் சொன்னேன்.

நான்கு மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரைதான் நாங்கள் ஆராய்ச்சியாளர்கள். வந்துவிட்டால் பஸ் பயணிகள். அரங்கம் காலியானது. 'கட்டுரையைச் சிறப்பாக வாசித்தமைக்காக' என்று எனக்கும் ஒன்று தந்தார்கள். நான் இன்னும் வாசித்திருக்கவில்லை.

மிஞ்சியவர்கள் மூன்று பேர். கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்வின் தலைவர் அம்மா. வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்த மைக்செட்காரர். நடுவில், காலி நாற்காலிகளுக்கு மத்தியில் கணக்கு சார்.

வாசித்தேன். விஷயம் எளிமையானது. நான் எப்போதும் என் குரலுக்கு வசதியாகச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடுவேன். அந்தத் தாழ்ந்த சுருதிக்கு இறங்க முடியாத பிள்ளைகள் உறுமுவார்கள். 'இவனுக்குச் சுருதி சேராது' என்று முடிவுகட்டி, கடைசி வரிசைக்கு அனுப்பி, "ஏலே, நீ வாய மட்டும் அசை" என்பேன். பன்னிரண்டு வருடம் அப்படித்தான். பிறகு ஒருநாள் சோம்பலில், முதலில் ஒரு பிள்ளையைப் பாடச் சொல்லிவிட்டு, அது நின்ற இடத்துக்குப் பெட்டியை நகர்த்தினேன். சேர்ந்தது. அடுத்த பிள்ளைக்கும் சேர்ந்தது. பிள்ளைகள் பாடக்கூடியவர்களாகத்தான் இருந்தார்கள். பெட்டி என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். இதைத்தான் மூன்று வருடம் வகுப்பு வகுப்பாகச் சோதித்து எழுதியிருந்தேன்.

"கேள்விகள் உண்டா?" என்றார் தலைவர் அம்மா, காலி நாற்காலிகளைப் பார்த்து.

கணக்கு சார் எழுந்தார். கையில் சீட்டு. முகத்தில் யோசனை. ஒரு பீரியடுக்கு இது அதிகம்தான் என்று மெச்சிக்கொண்டேன். சீட்டைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இது தெரியுமுன்ன உம்மகிட்ட படிச்ச பிள்ளைக இருக்காங்கள்லா, வாய மட்டும் அசைக்கச் சொன்னீரே? அதுகள்ல ஒண்ணுகிட்டயாவது போயிச் சொன்னீரா, தப்பு உம்ம மேலதான்னு?"

பதினொரு கேள்விகளுக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். இது பன்னிரண்டாவது.

"இல்ல" என்றேன். மைக் அதை அத்தனை நாற்காலிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தலைவர் அம்மா நன்றி சொன்னார். மைக்செட்காரர் கையை நீட்டினார், மைக்கைக் கொடுத்தேன்.

பஸ் நிலையம்வரை கணக்கு சாருடன் நடந்தேன். படியில் கால் வைத்தபோதுதான் திரும்பினார். "கோவமாவே?"

"மூஞ்சிக்குப் பேசுன பீரியடு உண்டு. கேள்விக்கு உண்டான்னுதான் யோசிக்கணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வகுப்பை அவருக்கே விட்டுவிட்டு ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்தேன். ஒரு தாளில், வாயசைக்கச் சொன்ன பிள்ளைகளின் பெயர்களை எழுத நினைத்தேன். சொல்லவேண்டுமென்றால் யார் யார் என்று தெரியவேண்டுமே. பரிசு வாங்கியவர்கள், மேடையேறியவர்கள், முன்வரிசையில் நின்று கத்தியவர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு முகமும் வரவில்லை. அசையும் வாய்கள் மட்டும் வந்தன. மணி அடிக்கும்வரை பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன்.