கை எட்டாத முதுகு

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, தங்கியது நாலு. கொழுந்தன் போன பிறகு அவர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தர் வாசலில் போய் ஒரு கை உப்பு என்று நின்றதில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. பஸ் போர்டு வாசிப்பேன். என் பேரையும் எனக்கு வேண்டியவர்கள் பேரையும் வாசிப்பேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு அரை நாள் போய்விடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மெதுவாகத்தான் சொல்வேன். அவளுக்கும் அவசரமில்லை.

நாங்கள் இருப்பது மேலகரம். ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியதும் எங்கள் தெருப் பெண்கள் கூட்டமாகக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். அருவிக்கரையில் இப்போது எண்ணெய் தேய்க்க விடுவதில்லை. அதனால் புறப்படுமுன் எங்கள் வீட்டுப் பின்வாசலில் எல்லாரும் கூடிவிடுவார்கள். ஒரு தூக்குவாளி நிறைய நல்லெண்ணெய், தெருவுக்கே அது ஒன்றுதான். ஒருத்தி முதுகில் ஒருத்தி தேய்ப்போம். தேய்த்து முடித்து, பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஐந்தருவியில்தான் இறங்குவோம்.

யார் முதுகு யாருக்கு என்பதெல்லாம் முன்பே முடிவானது. எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட ரெண்டு வயது இளையவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் என்னை மைனி என்பாள், நான் அவளை ஏட்டி என்பேன். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து என் முதுகை அவள்தான் தேய்த்தாள். அவள் முதுகில் மச்சம் எங்கே, பிள்ளைத்தாச்சியாக வழுக்கி விழுந்த தழும்பு எங்கே என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை, யாருக்குக் கட்டி புறப்பட்டிருக்கிறது, எவளை அவள் புருஷன் அடித்திருக்கிறான் என்பதெல்லாம் அந்தப் பின்வாசலில் கையில் தெரிந்துவிடும். வாயைத் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருஷம் அப்படித் தேய்க்கும்போது அவள் கை சட்டென்று நின்றது.

"ஏ மைனி, விலா எலும்பு கையில தட்டுது. சோறு திங்கியளா, இல்ல மருமவளுக்கு மிச்சம் பிடிக்கியளா?"

"நீ தேய்க்க வந்தியா, எலும்ப எண்ண வந்தியா?"

"சிரிக்காதிய. இந்த இருமலும் போன பங்குனிலருந்து இருக்கு."

அடுப்புப் புகை என்று நானே அந்த இருமலுக்கு ஒரு பேர் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவள் விடவில்லை. தென்காசிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளி எடுக்க ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார்கள். நான் துப்பியதைப் பார்த்துவிட்டு, "சளியக் கேட்டா எச்சிலத் துப்புதிய. இதுலயுமா சிக்கனம்?" என்றாள். அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்து, இருமல் வந்து, டப்பாவும் நிறைந்தது.

டி.பி. என்று சொன்னார்கள்.

அப்போது என் மூத்த பேத்திக்கு ராயகிரியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன் போலீஸ் வேலை. ஜாதகமெல்லாம் அவர்களே பார்த்து, பொருத்தம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டுக் கிழவிக்குக் காசம் என்று ஒரு சொல் காற்றில் போனால் போதும். மகனிடமும் மருமகளிடமும் சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்தேன். மருமகள் மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது அப்போது.

எங்கள் பக்கத்து நர்ஸம்மா நல்ல பெண். "ஆச்சி, மாத்திரை ஆறு மாசம். ஒரு நாள்கூட விடப்பிடாது. நீங்க முழுங்குதத ஒரு ஆள் கண்ணால பாக்கணும். வீட்டு ஆளுக்குத் தெரிய வேண்டாம்னா, நீங்க நம்புத ஆள் யாருன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் கூட நின்ற இவள், "நாந்தான். வேற யாரு?" என்றாள்.

அன்று சாயங்காலம் இசக்கியம்மன் கோயில் குங்குமத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள்.

நர்ஸம்மா சர்க்கரை பார்க்க வந்தது போல எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாரையும் சோதித்துப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றுமில்லை. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கு ஒட்டுவதும் நின்றுவிடும் என்று எங்கள் இருவருக்கும் விளக்கிச் சொன்னாள். மாத்திரை அட்டை பக்கத்து வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் பின்பக்கச் சுவரோரம் போய் நிற்பேன். மாத்திரையும் வெந்நீரும் சுவருக்கு மேலாக வரும். முழுங்கியதும், "வாயத் திறங்க பாப்போம்" என்பாள், சின்னப் பிள்ளையிடம் சொல்வது போல. பிறகு ஒரு துண்டு பனங்கற்கண்டு. முதல் நாள் ஒன்றுக்குச் சிவப்பாகப் போனதும் நான் பயந்து ஓடினேன். "என்னத்த, மருதாணிய அரச்சுக் குடிச்சியளோ?" என்று சிரித்தாள். மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று நர்ஸம்மா அவளிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தாள். உடம்பு தேறியது. இருமல் நின்றது. அவளால்தான் பிழைத்தேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஐப்பசியில் தெருவில் ஒரு வளைகாப்பு. நான் போய் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் எவர்சில்வர் தம்ளரில் பானகம் வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது.

கப் கையில் இருக்கிறது. சுற்றிப் பார்க்கிறேன். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி அந்த ஓரத்தில் தலையைக் குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. பானகத்தைக் குடித்து முடித்தேன். பிள்ளைத்தாச்சி கையில் வளையல் போடாமல், அரிசியை மட்டும் தூவிவிட்டு நிமிர்ந்தபடி வெளியே வந்தேன். அவள் என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"யாருட்டட்டி சொன்ன?"

"ஒருத்திட்டதான் மைனி. எம்பேரன் ஒங்க மடில கெடந்து வெளையாடிட்டு வந்தான். எனக்குப் பதறிட்டு. மனசு கேக்காம கடேசி வீட்டுக்காரிட்ட சொன்னேன். அவளும் அம்மன் மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் கேட்டா."

"பதறுச்சுன்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. பிள்ளய மடில வைக்காதியன்னு ஒரு வார்த்தை."

"ஒங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்ல?"

மறுநாள் காலையில் அவள் வீட்டு முன்வாசல் வழியாகப் போய், "மாத்திரையக் குடு" என்று கேட்டு, மிச்சம் இருந்த அட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் அடுப்படி மேடையில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். மருமகள் பார்த்தாள். "ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?" என்றாள். அன்றிலிருந்து மாத்திரையும் வெந்நீரும் அவள்தான் கொடுத்தாள். ஒரு நாளும் தவறவில்லை. என் தம்ளரைத் தனியாக எடுத்து வைக்கவும் இல்லை.

ராயகிரிக்காரர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பார்த்துப் பொருத்தம் சொன்ன அதே ஜாதகம்தான்.

என்னோடு உட்கார்ந்து எழுந்தவர்களை எல்லாம் சோதிக்க வேண்டும் என்று நர்ஸம்மா வீடு வீடாகப் போனாள். "எங்க வீட்ல யாருக்கும் இருமல் இல்ல" என்று எல்லா வாசலிலும் ஒரே பேச்சு. ஒரு வீட்டில் உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொன்னார்களாம். சொல்லத்தான் செய்வார்கள். வாய் திறந்தால் பேப்பர் கப்புதான் வரும் என்று கண்ணால் பார்த்தவர்களாயிற்றே. நர்ஸம்மா என்னிடம் வந்து, "ஆச்சி, முன்னால இந்தத் தெருவுக்குள்ள வந்தா கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லுவாங்க. இப்பம் என் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவ அடைக்காங்க" என்று வருத்தப்பட்டாள்.

அடுத்த சாரல் வந்தது. எனக்கு நோய் தீர்ந்து, கடைசிச் சளிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று வந்து, பல மாதம் ஆகியிருந்தது. பின்வாசலைக் கழுவிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. குட்டியானை தெருமுனையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. இப்போது பொது எண்ணெய் கிடையாது, அவரவர் வீட்டில் அவரவர் தேய்த்துக்கொண்டு போகிறார்கள் என்று மருமகள் கேட்டு வந்து சொன்னாள். யார் உடம்பில் என்ன இருக்கிறதோ என்கிற பயம். தன் முதுகைத் தானே எவ்வளவு தேய்க்க முடியும்? கை எட்டுகிற வரைக்கும்தான்.

அந்த ஆடியில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கத் தொடங்கியது. முதலில் விடியற்காலையில். பிறகு எந்நேரமும். அவள் வாயில் துணியை வைத்து அமுக்கி இருமுவதும் எனக்குக் கேட்டது. ஒரு நாள் எனக்கு முன்னால் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜாக்கெட் பின்பக்கம் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த முதுகு எனக்குத் தெரியும். அதில் பாதியைக் காணவில்லை. அவள் வீட்டில் மகனும் மருமகளும் பேரனும் இருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. முதுகைத் தொட்டுப் பார்க்கத்தான் தெருவில் ஆள் இல்லையே.

பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. என் பேத்தி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றியது. பிறகு பின்பக்கச் சுவரோரம் போய் நின்று கூப்பிட்டேன்.

"ஏட்டி."

வந்தாள். முகம் சுருங்கிக் கிடந்தது.

"ஒனக்கும் அதுதான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட வாரேன்."

"சும்மா இருங்க மைனி. சாரல் ஒத்துக்கல. மருந்துக்கடைல டானிக் வாங்கிக் குடிக்கேன்."

"பேரன் ஒன் கூடத்தான படுக்கான்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுவர் மேல் வைத்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருட்டயும் சொல்லிராதிய. அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க."

நான் கையை உருவிக்கொண்டேன். "சத்தியம்லாம் நான் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நர்ஸம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவளைத் தவிர மருமகளிடம்கூடச் சொல்லவில்லை. நர்ஸம்மா அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகாமல், தெரு முழுக்கப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வந்தது போல ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த வீட்டில் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். சளியில் நோய் இருந்தது. நுரையீரலில் ஒரு பக்கம் நன்றாகக் கெட்டுப்போயிருந்தது. பேரனுக்கு ஒட்டவில்லை. ஆனாலும் அவனுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்தார்கள். அவள் கொஞ்ச நாள் தென்காசியில் படுக்கையில் கிடந்தாள். மஞ்சள் காமாலை என்று அவள் மகன் தெருவில் சொல்லிக்கொண்டான். நானும் யார் கேட்டாலும் மஞ்சள் காமாலை என்றே சொன்னேன்.

திரும்பி வந்தவள் ஒரு நாள் பின்பக்கம் நின்றாள்.

"நீங்கதான காட்டிக்குடுத்திய?"

"ஆமா. நர்ஸம்மாட்ட சொன்னேன்."

"தெருவுக்கு?"

"சொல்லல."

"பொய் சொல்லாதிய மைனி. ஒங்க பேத்தி கல்யாணம் நின்னுபோச்சே, நீங்க எப்படிச் சொல்லாம இருந்திருப்பிய? நம்ப மாட்டேன்."

வளைகாப்பு வீட்டில்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. இத்தனை வருஷம் என் முதுகைத் தேய்த்தவள், என்னைத் தன்னைப் போலவே ஒருத்தி என்று நினைத்துவிட்டாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு அவர்கள் குத்துக்கல்வலசையில் ஒரு வீடு பிடித்துப் போய்விட்டார்கள். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமலும் இல்லை, பாத்திரச் சத்தமும் இல்லை. அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரையை முடித்தாளா என்று மட்டும் நர்ஸம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்து நர்ஸிடம் விசாரித்து வந்து சொன்னாள்: "முடிச்சிட்டாங்க ஆச்சி. இப்பம் சுகம்." நல்லது என்றேன். நான் விசாரித்ததாக அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

இதுதான் நடந்தது. எங்கள் தெருவில் இன்றைக்கும் அவளுக்கு வந்தது மஞ்சள் காமாலைதான். இதை வாசிக்கிறவர்களுக்கு நான் எந்தத் தெரு என்றும் தெரிய வேண்டாம், அவள் யார் என்றும் தெரிய வேண்டாம்.

ஏட்டி பேத்தி, நீ நடுவில் ஒரு இடத்தில் கோபத்தில் அவள் பேரைப் போட்டிருக்கிறாய். உன் கல்யாணம் நின்ற ஆத்திரம் உனக்கு இருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு வாசிக்கத் தெரிந்த பேர்களில் அவள் பேரும் ஒன்று. அதை அடி. நன்றாக அடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியக்கூடாது. அடித்துவிட்டாயா? சரி, இப்போது முதலிலிருந்து சத்தமாக வாசி. மெதுவாக வாசி, வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.